ஈரச்சுவர்க் குழுவின் முதல் ஒன்பது மாதங்கள்

மார்ச் 3, ஞாயிறு, மாலை 4 மணி 10 நிமிடம்.
ஆட்கள் மூன்று. கம்பிகள் பத்து. ஒலிபெருக்கி இரண்டு, அதில் ஒன்று கிழிசல். தாளம் போட ஆள், பூஜ்யம்.

அக்காவுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் எழுது. கடிதத்தின் முதல் வரியில் இதைக் கேட்க வேண்டும் என்று தலையில் குட்டிக் குட்டிக் கற்றுக்கொடுத்தவள் நீ, கேட்டாகிவிட்டது. இனி விஷயம்.

ஒரு ராக் குழு ஆரம்பித்துவிட்டோம். மேலே இருப்பது இன்றைய நிலவரம். கிடார் வாசிக்கிறவன் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறான். அவன் பெயரைச் சொன்னால் அவன் வீட்டிலேயே யோசிப்பார்கள், பல்லன் என்றால் எல்லோருக்கும் தெரியும். பல்லைத் தேய்க்கும் சின்ன மோட்டாரைக் கம்பிமேல் வைத்து ஓட்டுகிறான், நன்றாகவே இருக்கிறது. பேஸ் கிடார், மேல்நிலைப் பள்ளியின் கணக்கு டீச்சர். எங்களைவிடப் பத்து வயது பெரியவர், அதை ஒரு மணிக்கு ஒருமுறை ஞாபகப்படுத்துவார். நான் பெட்டி. எங்கள் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட இதயத்துடிப்பு மெஷின்களைப் பிரித்துச் செய்தது. ஒரு குமிழைத் திருப்பினால் துடிப்பின் வேகம் மாறும், இன்னொன்றைத் திருப்பினால் சுருதி மாறும். மெஷின் பழுதுபார்த்தே காலம் தள்ளுகிறவனுக்கு அவ்வளவுதான் வாத்தியம்.

இடம், பல்லனுடைய சித்தப்பாவின் ஐஸ் ஃபேக்டரி. பின்பக்கச் சாமான் அறை. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் குளிரூட்டும் மோட்டார்கள் இரண்டு ஓடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் காது அதை மறந்துவிடுகிறது. சுவர் மட்டும் வியர்த்துக்கொண்டே இருக்கிறது.

விதி ஒன்றுதான். மற்றவர்கள் போட்ட பாட்டை வாசிப்பதில்லை, பாட்டு மாதிரி இருப்பதையும் வாசிப்பதில்லை. டீச்சர் கேட்டார், "பாட்டே வேணாம்னா வீட்டுல மிக்ஸி இருக்கே, அது போதாதா?" போதாது என்றேன். மிக்ஸியில் ஒரு சுருதிதான்.

அத்தானைப் பற்றி நீ கேட்கமாட்டாய். வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். சீருடை தைக்கும் நேரம், தலை நிமிரவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். அரை மணி நேரத்தில் அந்த ஒரு சொல்தான். நீ போய் நாலு மாதமாகிறது, இரண்டு பேரும் ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை என்று எனக்குத் தெரியும். நான் தபால்பெட்டி இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
தம்பி

*

மார்ச் 17

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாம் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கேட்டால் எரிச்சல் வரும், வரட்டும். எனக்கு இந்த மாதம் முழுக்கக் காலை ஷிஃப்ட். வார்டில் பன்னிரண்டு படுக்கை, ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன் தெரியும். தூசியாக வருகிறது, மூடியே வைத்திருக்கிறோம்.

உன் குழுவைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு, "இப்பதான் நல்லாப் பாடுது" என்று சொன்னவன்தானே நீ.

அவரைப் பற்றி எழுதியதற்குச் சந்தோஷம். இந்த வேலை வந்தபோது, "உனக்கு உன் வேலை, எனக்கு என் கடை" என்றார். நான் "சரி" என்றேன். அதோடு சரி. யாராவது இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். கோபம் போய்விட்டது தம்பி, பயம்தான் இருக்கிறது. அவர் தனியாக இருந்தால் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடுகிற ஆள். ஆறு மாதம் இப்படியே போனால் பிறகு யார் கூப்பிட்டும் திரும்ப மாட்டார்.

தாளத்துக்கு ஆள் இல்லை என்றாயே. அவர் பேசாமல் இருக்கும்போது காலைக் கவனித்திருக்கிறாயா? தரையில் தட்டிக்கொண்டே இருக்கும், ஒருநாளும் பிசகாது. கூப்பிட்டுப் பார். நான் சொன்னதாகச் சொல்லிவிடாதே. சொன்னால் வரமாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

ஏப்ரல் 14, ஞாயிறு

அக்காவுக்கு,

நலம், நலம். நீ சொன்னதைச் செய்துவிட்டேன். உன் பெயரை எடுக்கவில்லை.

கடைக்குப் போய் நேராகக் கேட்டேன். "அத்தான், தாளம் போட வர்றீங்களா?"

"எதுக்கு?"

"சத்தத்துக்கு."

"சத்தம் போட ஊர்ல ஆளா இல்ல?"

"இருக்காங்க. எல்லாரும் ஏற்கனவே கேட்ட சத்தத்தையே போடுறாங்க."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அந்தச் சட்டையை மடித்து, அடுத்ததை எடுத்து, காலர் வரைக்கும் தைத்து முடித்த பிறகு, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடை கிடையாது" என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அது "சரி" என்று புரியத் தெருக்கோடி வரை நடக்க வேண்டியிருந்தது.

வந்தார். எங்களிடம் ஒரு பெரிய டிரம், காலால் மிதிக்கும் கட்டையோடு. இரண்டு சின்ன டிரம், ஒரு பெயின்ட் டின். நாற்காலியைத் திருப்பி அந்த வியர்க்கிற சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "எங்களைப் பாருங்க அத்தான்" என்றேன். "உங்களப் பாத்தா சிரிப்பு வரும்ப்பா" என்றார். பத்து நிமிடம் ஒன்றுமே செய்யாமல் இருந்தார். பல்லன் என்னைப் பார்த்தான், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு கால் மட்டும் இறங்கியது.

பதினெட்டு வருடம் தையல் மெஷினை மிதித்த கால் அக்கா. அலங்காரம் கிடையாது. வேகம் கூடாது, குறையாது. இரண்டாவது வாரம் சீருடைத் துணி மீதியைக் கொண்டுவந்து டிரம்மின் வாயில் திணித்தார், சத்தம் ஈரமண்ணில் விழுகிற மாதிரி ஆகிவிட்டது. அதற்குமேல் என் பெட்டி கீச்சிட்டபோது டீச்சர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "இதுதான்" என்றார். எது என்று கேட்டால் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் அதுதான்.

டேப் ஒன்று இதோடு. இரண்டு பக்கமும் கேள்.

தம்பி

*

மே 5

அன்புத் தம்பிக்கு,

நலமே. உன் கடிதமும் டேப்பும் எட்டு நாளில் வந்துவிட்டன. இருமல் என்று எழுதாமல் விட்டிருக்கிறாய், டேப்பில் மூன்று இடத்தில் கேட்கிறது. அந்த ஈர அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

நர்ஸ்கள் ஓய்வறையில் போட்டுக் கேட்டேன். வார்டு சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "பக்கத்துல யாராவது வீட்டை இடிக்கிறாங்களா?" என்றார். "இல்ல மேடம், என் வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று பிறகுதான் தோன்றியது.

முதல் பக்கம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலைவலி வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவது பக்கம் வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்டேன், அப்போது நன்றாக இருந்தது. முடிகிற இடத்தில் ஒரு குரல், "இன்னொரு தடவ போடலாமா?" என்கிறது. அது அவர்தானே? அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டதில் டேப் சிக்கிக்கொண்டது. பென்சிலை விட்டுச் சுற்றி எடுத்தேன்.

சிரிக்கிறாரா என்று எழுது.

அக்கா

*

ஜூன் 9, ஞாயிறு

அக்காவுக்கு,

நலம். இருமல் போய்விட்டது. அத்தான் சிரித்தார், ஒரு மாதத்தில் நான்கு முறை. ஒரு முறை என்னைப் பார்த்து.

பெயர் வைத்தாயிற்று, ஈரச்சுவர். அதற்கு ஒரு காரணம் உண்டு. டீச்சர் ஒவ்வொரு உருப்படியையும் கட்டம் போட்ட தாளில் வரைகிறார். குறுக்கே நிமிடம், நெடுக்கே சத்தம். சுவரில் ஒட்டினோம். மறுவாரம் பார்த்தால் மை கரைந்து கோடுகள் கீழே ஒழுகியிருந்தன. நான் புதிதாக வரையச் சொன்னேன். அத்தான், "இருக்கறதையே வாசிச்சுப் பாப்போமே" என்றார். ஒழுகிய கோட்டை அப்படியே வாசித்தோம். எல்லாச் சத்தமும் மெல்லச் சரிந்து கீழே வந்தது. அன்றிலிருந்து வரைந்து, ஒட்டி, ஒரு வாரம் ஊறவிட்டு, பிறகுதான் வாசிக்கிறோம்.

ஆரம்பத்தில் இருபது நிமிடம் போனது. ஆளுக்கு ஆள் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டிருந்தோம். அத்தான்தான், "இந்த எடத்துல துணி அதிகமா இருக்குப்பா. வெட்டலாமா?" என்று கேட்டார். பல்லன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், முதலில் வெட்டியது அவனுடைய மூன்று நிமிடம். இப்போது பதினோரு நிமிடம். ஒரு தையல்கூட மிச்சமில்லை.

ஜூலை 27, சனிக்கிழமை, தொழிற்பயிற்சிப் பள்ளி அரங்கில் வாசிக்கிறோம். அறுபது இருக்கை. எனக்குக் கை பரபரக்கிறது. பல்லன் ஒவ்வொரு வாரமும் அரை மணி தாமதமாக வருகிறான், ஒருநாள் அவன் பல்லையே கழற்றப்போகிறேன்.

பயிற்சி முடிந்ததும் அத்தான் இப்போதெல்லாம் உடனே கிளம்புவதில்லை. டீ குடிக்கிறார். போன வாரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அங்க குளிருமா?" என்றார். எங்கே என்று கேட்டேன். "எங்கயோ" என்றார். நீயே பதில் எழுதிக்கொள்.

தம்பி

*

ஜூலை 29, திங்கள்

அக்காவுக்கு,

உடம்பு நலம். மற்றது நலமில்லை.

அறுபது இருக்கையில் 41 பேர் வந்தார்கள். முடியும்போது 15. எண்ணினேன்.

அரங்கு நன்றாக இருந்தது. சுவரெல்லாம் துணி, குண்டூசி விழுந்தால் கேட்கும். முதல் இரண்டு நிமிடம் ஒழுங்காகப் போனது. மூன்றாவதில் எல்லாம் கலைந்தது. பல்லன் ஒரு சுருதியில், டீச்சர் ஒரு சுருதியில். தாளம் எங்களைப் பின்னால் பிடித்து இழுக்கிறது. நாங்கள் ஓடுகிறோம், அத்தான் சுமை ஏற்றிய வண்டி மாதிரி அதே நடையில் வருகிறார். எட்டாவது நிமிடத்தில் நிறுத்தினோம். யாரோ கைதட்டினார்கள், முடிந்துவிட்ட சந்தோஷத்தில்.

மேடைக்குப் பின்னால் கேட்டேன், "என்ன அத்தான் இது? இழுத்துக்கிட்டே போறீங்க?"

"நான் இழுக்கலப்பா."

"பின்ன யாரு, நாங்க மூணு பேருமா?"

டீச்சர், "எல்லாம் நாளைக்குப் பேசிக்கலாம், கிளம்பு" என்றார். நான் கேட்கவில்லை. மெஷின் மிதிக்கிற காலோடு மேடைக்கு வந்தால் இப்படித்தான் ஆகும் என்றேன். இனிமேல் வர வேண்டாம் என்றேன். "சரிப்பா" என்றார். குச்சிகளை அளவுநாடாவால் சுற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

கடுமைதான். ஆனால் குழு என்றால் கணக்கு சரியாக இருக்க வேண்டும். பிசகுகிற பாகத்தை மாற்றுவதுதான் என் தொழில். உனக்கு வருத்தமாக இருக்கும். உண்மையை உண்மையாக எழுதுகிறேன் என்பதையாவது ஒப்புக்கொள்.

தம்பி

*

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அக்காவுக்கு,

நலமா? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கோபமென்றால் கோபம் என்று எழுது. நான்கு வார்த்தையில் திட்டினாலும் படிப்பேன்.

புதிதாக ஒருவனைத் தாளத்துக்கு வைத்தோம். கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிறவன். கை மின்னல். பத்து நிமிடத்தில் டீச்சர் பேஸைக் கழற்றி உறையில் போட்டார். "தம்பி நல்லா வாசிக்குது. எனக்குத்தான் நிக்க எடமில்ல" என்றார். அவன் மறுவாரம் வரவில்லை.

நேற்று அத்தான் கடைப்பக்கம் போனேன். மன்னிப்புக் கேட்க இல்லை, சும்மா. கதவு பூட்டியிருக்கிறது. "சில நாள் விடுமுறை" என்று ஒரு அட்டை. தைக்க வாங்கியதையெல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். எங்கே என்று பக்கத்துச் சைக்கிள் கடைக்காரருக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருடத்தில் அவர் விடுமுறை விட்டு நான் பார்த்ததில்லை. வீட்டிலும் பூட்டு.

உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

தம்பி

*

செப்டம்பர் 8

அன்புத் தம்பிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் என்று வைத்துக்கொள்.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கு ஒருவழியாகத் திரைச்சீலை போட்டாயிற்று, நீலத்தில். ஓரத்தில் சின்ன மடிப்பு வைத்து அழகாக இருக்கிறது. பக்கத்து வீட்டு நர்ஸ் பார்த்துவிட்டு அவளுக்கும் வேண்டும் என்கிறாள். இப்போது மாலை ஷிஃப்ட். எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் விளக்கு எரிகிறது, நன்றாக இருக்கிறது.

யாரையும் தேடி அலையாதே. பெரியவர்கள் வழி தெரியாமல் போக மாட்டார்கள். அந்த அரங்கில் வாசித்ததை டேப் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் ஒரு தடவை போட்டுக் கேள். காதால் மட்டும் இல்லை, உன்னிடம்தான் கருவி இருக்கிறதே.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா

*

செப்டம்பர் 24, செவ்வாய்

அக்காவுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். முதலில் இதைப் படி.

உன் கடிதம் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. காணாமல் போன ஆளைப் பற்றிக் கேட்டால் திரைச்சீலையைப் பற்றி ஒரு பத்தி. எரிச்சலில் ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட்டேன். டேப்பைக் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இன்று காலை பெட்டியில் ஒரு வயரைப் பற்றவைக்க ஐஸ் ஃபேக்டரி அறைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை அங்கே பராமரிப்பு நாள், மோட்டார் நிற்கும். நாங்கள் ஒருநாளும் செவ்வாயில் போனதில்லை. பெட்டியை ஓட்டி, பதினோரு நிமிடத்தில் என் பகுதியை மட்டும் வாசித்துப் பார்த்தேன். வரவில்லை. அரங்கில் கலைந்த மாதிரியே கலைந்தது. தனியாகவே கலைகிறேன். மறுபடி, மறுபடி. பதினொன்றரைக்கு அந்தப் பக்கம் மோட்டார்களைப் போட்டார்கள். என் கை தானாகக் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பியது. நான் திருப்பவில்லை அக்கா, கை திருப்பியது.

மைக்கைச் சுவரில் வைத்து அளந்தேன். இரண்டு மோட்டாருக்கும் வேகத்தில் துளி வித்தியாசம். அதனால் நான்கு விநாடிக்கு ஒருமுறை அந்த முனகல் எழும்பி அடங்குகிறது. நாங்கள் அந்த அலைக்கு எட்டு அடி வீதம் வாசித்திருக்கிறோம், நிமிடத்துக்கு 120. சுருதியும் அந்த முனகலிலிருந்து எடுத்ததுதான். ஐந்து மாதமாக அந்தச் சுவர்தான் எங்களைக் கட்டி வைத்திருக்கிறது. மறந்துவிட்டது என்று நினைத்த காது மறக்கவே இல்லை. அரங்கில் அந்தச் சத்தம் இல்லை, துணியைப் பிடித்த கையை எடுத்த மாதிரி நாங்கள் அவிழ்ந்துவிட்டோம்.

பிறகு அரங்கு டேப். டீச்சருடைய ரெக்கார்டர், அதன் ஓட்டத்தைச் சரிபார்த்த பிறகே எண்ணினேன். நிமிடவாரியாக:

அத்தானின் கால்: 120, 120, 119, 120, 120, 120, 120, 120.
பல்லன்: 120, 121, 124, 127. அதற்குமேல் எண்ண முடியவில்லை.
என் பெட்டி: 120, 122, 128, 131, 135.

பெட்டி தானாக வேகமெடுக்காது. குமிழைத் திருப்பினால்தான் எடுக்கும். அந்த அமைதியில் எனக்கு எல்லாம் மெதுவாகப் போகிற மாதிரி இருந்தது, திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். மற்ற இரண்டு பேரும் என் பின்னால் ஓடிவந்திருக்கிறார்கள். நால்வரில் ஒருவர்தான் சரியாக வாசித்தார். அவரைத்தான் வெளியே போகச் சொன்னேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஜூலைக் கடிதத்தில் உண்மையை உண்மையாக எழுதுகிறேன் என்று பீற்றிக்கொண்டேனே, அதில் ஒரு வரியை விட்டிருந்தேன். அன்று அத்தானிடம், "அக்கா கெஞ்சினதுக்காகத்தான் உங்களச் சேத்தோம்" என்றேன். நீ கெஞ்சவில்லை. சொல்லாதே என்றும் சொல்லியிருந்தாய். அவர் "சரிப்பா" என்றது அதற்குத்தான்.

அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் எனக்கு வேலை ஓடவில்லை. தெரிந்தால் இந்தக் கடிதத்தை அப்படியே கொடு. எண்கள் இருக்கும் பக்கத்தையாவது.

புத்தகக் கடைக்காரர் ஒருவர் தன் கிடங்கில் வாசிக்கக் கூப்பிடுகிறார், டிசம்பரில். ஜூலையில் பாதியில் எழுந்து போனவர். மீதியைக் கேட்க வேண்டுமாம்.

நீ நலமா?
தம்பி

*

அக்டோபர் 13

அன்புத் தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம்.

இதயத்துடிப்பை வரைகிற மெஷினெல்லாம் பழுதுபார்க்கிறாய், திரைச்சீலைக்கு ஓரத்தில் மடிப்பு என்று எழுதினால் உனக்கு ஒன்றும் ஏறாது. ஊசியில் நூல் கோர்க்கக்கூடத் தெரியாதவள் உன் அக்கா. நான் வேலையில் இருக்கும்போது வீட்டில் விளக்கைப் போட்டது யார் என்றுகூட யோசிக்கவில்லையே நீ.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வந்தார். கதவைத் திறந்தால் வாசலில் நிற்கிறார், பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கெஞ்சினியா?" என்றார். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு புரிந்தது. "கெஞ்சல. சொன்னேன்" என்றேன். "அப்ப சரி" என்று உள்ளே வந்தார். நீ அன்று வாயை அடக்கியிருந்தால் அவர் கடையில்தான் உட்கார்ந்திருப்பார். இதற்காக உன்னைப் பாராட்டுவேன் என்று எதிர்பார்க்காதே.

உனக்கு எழுத வேண்டாம் என்று சொன்னது அவர்தான். "நான் இழுக்கலன்னு சொன்னேன், நம்பல. அளந்து பாத்தா நம்புவான். அவனா அளக்கட்டும்" என்றார். அந்த எண்களைக் காட்டினேன். 119-ஐப் பார்த்து, "அங்க ஒரு தடவ கால் நழுவுச்சு" என்றார். மோட்டார் விஷயத்தைப் படித்துக் காட்டியதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். "மொத நாளே கேட்டுச்சே. அதோட சேந்துதானே எல்லாரும் வாசிச்சோம்? அவங்களுக்குத் தெரியாதா?" என்று என்னைக் கேட்கிறார். உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்றே நினைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரித் துணிக் கிடங்கில் தைக்க ஆள் வேண்டும் என்றார்கள், போகிறார். என் ஷிஃப்ட் முடியும்போது கேட்டில் நிற்கிறார், பேசிக்கொண்டே நடந்து வருகிறோம். கடையை என்ன செய்வது என்று இன்னும் பேசவில்லை. பேச ஆரம்பித்தால் வேறு ஏதோ பேச்சு வந்துவிடுகிறது.

டிசம்பரில் என்ன தேதி என்று எழுது. அவர் கேட்கச் சொன்னார். இங்கே மழை விடவே இல்லை.

அக்கா

*

நவம்பர் 5, செவ்வாய், காலை 11 மணி 20 நிமிடம்.
ஆட்கள் மூன்று. மோட்டார் ஓடவில்லை.

அக்காவுக்கு,

நான் நலம். இருவரும் நலம் என்று எழுதியிருந்தாய், அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எந்தக் கடிதத்தையும் நான் இரண்டு முறை படிக்கிறவன் இல்லை. தேதி கேட்டிருக்கிறாய். அடுத்த வரியில், அவர் கேட்கச் சொன்னார் என்கிறாய். அதற்கடுத்து மழை. அந்த இரண்டு வரிக்கும் நடுவில் ஒன்று இருக்க வேண்டும், நீ அதை எழுதவில்லை. திரைச்சீலையைப் போல இதையும் விட்டுவிடக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்தேன். தேதி எழுதினால் அத்தான் அன்றைக்கே டிக்கெட் எடுத்துவிடுவார். வந்து வாசிப்பார், பிசகாமல் வாசிப்பார். பிறகு கடை இங்கே இருக்கிறது, சாவி அவர் பையில் இருக்கிறது. சீருடைக்கு ஆட்கள் தினமும் சைக்கிள் கடையில் விசாரிக்கிறார்கள். கடையைத் திறந்துவிட்டால் அங்கே திரும்பமாட்டார்.

நேற்று டீச்சரிடம் சொன்னேன். "ஆள் வேணும்னா கூப்பிடு, வேணாம்னா விடு. நடுவுல நின்னு மூஞ்சியத் தொங்கப் போடாத" என்றார். பல்லன் இன்று பத்து நிமிடம் முன்னதாக வந்தான். ஏதோ புரிந்திருக்கிறது அவனுக்கும்.

மோட்டார் இல்லாமல் காலையிலிருந்து வாசிக்கிறோம். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். மிக மோசமாக இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில், நாற்பது விநாடி இருக்கும், டீச்சர் நிறுத்த நானும் நிறுத்த, பல்லனின் ஒரே கம்பி மட்டும் அந்த வெற்று அறையில் நின்றது. தாளமே இல்லை. யாரும் ஓடவில்லை. முன்பு செய்தது எதுவும் அப்படி இருந்ததில்லை.

இனிமேல் செய்யப்போவது:

1. பயிற்சி செவ்வாய்க்கிழமை காலை மட்டும். டீச்சர் அரை நாள் லீவு போட ஒப்புக்கொண்டார். ஆஸ்பத்திரியில் விடுமுறை நாளை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

2. பெட்டியிலிருந்து வேகக் குமிழைக் கழற்றிவிட்டு ஒரே அளவில் பற்றவைப்பேன். இனி யாரும் திருப்ப முடியாது, முக்கியமாக நான்.

3. தாளத்துக்கு வேறு ஆள் தேட மாட்டேன். பதினோரு நிமிடத்தை ஏழாக வெட்டுவேன். முதலில் என் பகுதியிலிருந்து.

4. கடைக் கதவில் இருக்கும் அட்டை மழையில் கரைந்துவிட்டது, புதிது எழுதி மாட்டுவேன். "சில நாள்" என்று எழுத மாட்டேன். "விடுமுறை" மட்டும்.

5. அத்தானுக்கு ஒரு கடிதம். உன்னுடையதற்குள் மடித்து வைக்காமல், தனி உறையில், அவர் பெயருக்கு. மன்னிப்பு முதல் வரியில், நலம் விசாரிப்பு அதற்குப் பிறகு.

6. நிகழ்ச்சியின் தேதியை அதிலும் எழுத மாட்டேன், இதிலும் எழுத மாட்டேன். முடிந்த மறுநாள் டேப் அனுப்புவேன். இரண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள்.